பின்னல் நூலும் பத்து விரல்களும்

ஸ்கார்விக் என்கிற கடலோர ஊரில் தூண்டில் வாங்கிய எல்லோரும் கடைக்காரி யோரூனின் விரலைப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் அவள் கடையை விட்டு வெளியே போக முடியாது. இடது கை மோதிர விரல். நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே விரல் மடங்காது. மற்ற விரல்கள் எல்லாம் மடங்கினாலும் அது மட்டும் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். புதிதாக ரீல் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் சரி, நூலைச் சுற்றிக் கொடுக்கும்போது அந்த விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. பின்னல் நூல் பண்ணின வேலை. பாறையில மாட்டிக்கிச்சுன்னா கையில சுத்தி மட்டும் இழுக்காதீங்க. நான் இழுத்தேன். எலும்பு வெளிய தெரிஞ்சுது."

நகரசபைத் தலைவர் பார்த்திருக்கிறார், பாதிரியார் பார்த்திருக்கிறார். ஊரில் யாராவது மீன்பிடிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், "யோரூன் விரல் காட்டியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அவளும் சிரித்துக்கொள்வாள். சிரிக்காமல் என்ன செய்வது, இருபத்தொன்பது வருடமாக அதே விரல், அதே வசனம்.

ஆனால் விரல் கதையின் பாதியைத்தான் அவள் கடையில் சொல்வாள். மீதிப் பாதி அக்கார்டியன். இருபத்தெட்டு வயது வரை யோரூன் லாங்கோய் தீவில் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தாள், சனிக்கிழமை ஆனால் படகுத் துறையில் அக்கார்டியன் வாசித்தாள். கோடையில் துறையின் பலகைத் தளத்தில் ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். அவள் கையில் பெட்டி விரிந்தால் எழுபது வயதுக்காரர்களும் எழுந்துவிடுவார்கள் என்று பேர். அந்த வருடம்தான் பின்னல் நூல் ஊருக்கு வந்தது. எல்லோரும் கட்டுகிற ஒற்றை இழை நைலான் நூலான தங்கூஸைவிட மூன்று மடங்கு மெல்லியது, மூன்று மடங்கு பலம் என்றார்கள். அக்காவின் படகில் போனாள். தூண்டில் முள்ளோடு கட்டிய பொய்மீன் கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. தங்கூஸாக இருந்தால் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், எல்லோரும் செய்வதுதான். சுற்றினாள். அதே நேரத்தில் காற்று படகைத் தள்ளியது. நூல் அறுபடவில்லை.

தையல் போட்ட மருத்துவர், "விரல் இருக்கே, சந்தோஷப்படு" என்றார். சந்தோஷப்படவில்லை. அக்கார்டியனில் இடது கை மோதிர விரல்தான் அடித்தாளத்தைத் தூக்கிப்பிடிக்கும் விரல். மற்ற மூன்றை வைத்து ஒப்பேற்றலாம் என்று சொன்னார்கள். ஒப்பேற்றி வாசிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியை விற்றாள். தொழிற்சாலையில் கத்தியும் முன்போல் ஓடவில்லை. ஸ்கார்விக்குக்கு வந்து, ஒரு பக்கம் பெயிண்டும் மறுபக்கம் தூண்டிலும் விற்கிற கடையில் தூண்டில் பக்கத்துக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, அமைதியாக முடிந்தும் போனது. அதைப் பற்றிக் கேட்டால், "ரெண்டு பேருக்கும் மீன் பிடிக்கும், வேற ஒண்ணும் பொருந்தல" என்பாள்.

கடையில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த ஊர்க்காரர்கள் சண்டை போட மாட்டார்கள். ஒரு பொருள் சரியில்லை என்றால் ரசீதோடு வந்து, குரலை உயர்த்தாமல், மிக மரியாதையாகப் புகார் கொடுப்பார்கள். அதற்குக் கடையில் நீலநிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. பெயிண்ட் பகுதியின் புகார்கள் அதில் தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும். தூண்டில் பகுதியில் ஒரு தாள்கூடக் கிடையாது. கடை முதலாளி ஸ்டைனார்தான் பெயிண்ட் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறான். அவன் அந்தக் கோப்பை எடுக்கும்போதெல்லாம் யோரூன் தொண்டையைக் கனைப்பாள்.

இப்படிப்பட்டவள்தான் பெந்தெகொஸ்தேக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, ஐலிஃபுக்கு நூல் விற்றாள்.

ஐலிஃப் தேவாலயத்தில், காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் ஆர்கனை வாசிப்பவர். உள்நாட்டுக் காட்டுப்பக்கத்திலிருந்து பதினோரு வருடத்துக்கு முன்பு வந்தவர். இவ்வளவு வருடம் கடலோரத்தில் இருந்தும் ஒரு தூண்டிலைத் தொட்டதில்லை. இங்கே அது கொஞ்சம் வெட்கக்கேடுதான், ஆனால் ஊர் அவரை மன்னித்திருந்தது, காரணம் அவருடைய கைகள். பழைய ஆர்கன் ஈரத்தில் அழுகி ஊளையிட ஆரம்பித்தபோது, புதியது வாங்க ஊரே ஆறு வருடம் பாடுபட்டது. குலுக்கல் நடத்தினார்கள், குழந்தைகள் கார் கழுவினார்கள். யோரூன் ஆறு கோடையும் சனிக்கிழமை தவறாமல் துறையில் வாஃபிள் சுட்டு விற்றாள். "அந்தப் பெரிய குழாய் என் மாவுல செஞ்சது" என்று சொல்லித் திரிவாள். அந்த ஆர்கன் இதோ வந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார், திறப்பு விழா. வாசிக்கப்போவது ஐலிஃப்.

அவருக்கோ ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது என்று மருத்துவரிடம் போயிருக்கிறார். சனிக்கிழமை முழுக்க ஆர்கன் பக்கமே போகக் கூடாது, வெளியே போய் காற்று வாங்கு, ஒரு தூண்டிலைப் போட்டுக்கொண்டு நில் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால்தான் ஐலிஃப் கடைக்கு வந்து நிற்கிறார், கையில் ஒரு தாளோடு.

"இருபத்திமூணு கேள்வி எழுதிட்டு வந்திருக்கேன்" என்றார். "உங்களுக்கு நேரம் இருக்கா?"

"கடை அஞ்சு மணிக்குத்தான் மூடும். ஆரம்பிங்க."

ரீலும் கோலும் மூன்றாவது கேள்விக்குள் முடிந்துவிட்டன. முதல்முறை பிடிக்கிறவருக்கு ஏற்ற நடுத்தர ரீல், பளபளவென்று உலோக உருளை. நாலாவது கேள்வியில் நூலுக்கு வந்தார், அங்கேயே குடிவந்துவிட்டார்.

"தங்கூஸா, பின்னலா?"

"பின்னல். தங்கூஸ் ரப்பர் மாதிரி இழுபடும், மீன் தொட்டா உங்களுக்குத் தெரியாது. பின்னல்ல தொட்டவுடனே கைக்கு வந்துரும்."

தாளில் ஒரு கேள்வியை அடித்தார். "எவ்வளவு தடிமன்?"

"புதுசா வர்றவங்க எல்லாம் பெரிய மீன் கனவுல கயிறு மாதிரி கேப்பாங்க. கேக்காதீங்க. தூரம் போகாது. ரொம்ப மெல்லிசும் வேண்டாம், காத்துல சிக்கிட்டு முடிச்சாயிரும், முடிச்சை அவுக்கிறதுலயே உங்க சனிக்கிழமை போயிரும். பதிமூணாம் நம்பர் எடுத்துக்கோங்க."

"நிறம்?"

"மஞ்சள். மீனுக்கு இல்ல, உங்களுக்கு. நூல் எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியணும். மீன் கண்ணுக்குத் தெரியாம நுனியில ஒரு மீட்டர் தங்கூஸ் கட்டிக்கலாம்."

"நாலு இழைப் பின்னலா, எட்டு இழைப் பின்னலா? என்ன வித்தியாசம்?"

"நாலு இழை விலை கம்மி, சொரசொரப்பு. எட்டு இழை வழவழப்பு, கோல் வளையத்துல ஓடும்போது சத்தம் போடாது."

அந்த வார்த்தையில் ஐலிஃபின் தலை நிமிர்ந்தது. "சத்தமா? நூலுக்குச் சத்தம் உண்டா?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை. யோரூனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மாதிரிக்கு வைத்திருந்த கோலின் வளையத்தில் நாலு இழை நூலை நுழைத்து ஒரு முனையை இழுத்தாள். ஸ்ஸ்ர்ர் என்றது. ஐலிஃப் கண்ணை மூடிக்கொண்டு காதை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இன்னொரு தரம். வேகமா. ம்ம்... இது கரகரக்குது. என் பழைய ஆர்கன் மாதிரி." எட்டு இழையை இழுக்கச் சொன்னார். "ஆ! இதுக்கு மூச்சு மட்டும்தான் இருக்கு. கொஞ்சம் மெதுவா இழுங்க... இப்ப இறங்குது பாருங்க. ஒன்றரை சுரம் இறங்கிடுச்சு."

"எனக்குத் தெரியலையே" என்றாள் யோரூன். தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இருபத்தொன்பது வருடமாக இந்த நூலை இழுத்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள் சுரம் இருப்பது இன்றுதான் காதில் விழுந்தது. காது இன்னும் செத்துவிடவில்லை என்பதில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

பிறகு என்ன, இருவருமாகக் கடையில் இருந்த ஏழு வகைப் பின்னலையும் இழுத்துப் பார்த்தார்கள். பெயிண்ட் பக்கத்திலிருந்து ஸ்டைனார் எட்டிப்பார்த்து, "பாம்பு ஏதாவது புகுந்துருச்சா?" என்று கேட்டான். "வாயை மூடு, ஒத்திகை நடக்குது" என்றாள். கடைசியில் மஞ்சள் நிற எட்டு இழையைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றும் இயந்திரத்தில் ரீலை மாட்டி, நூலைக் கட்டி, ஓடவிட்டாள். இயந்திரத்தின் சுரம் என்ன என்று அவர் சொன்னார், இல்லை அதற்குக் கீழே என்று அவள் வாதாடினாள். நூற்றைம்பது மீட்டரும் ஏறிவிட்டது. மணி ஐந்து அடித்தது. தாளில் இருபத்திமூன்று கேள்வியும் அடிக்கப்பட்டிருந்தன.

"நாளைக்கு காலையில கருப்புப் பாறை முனைக்குப் போறேன்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார் ஐலிஃப். யோரூன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ பழைய நடன மெட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். அவளும் புதிது, அவளுக்கும் ரீல். யோரூன் நூலைக் கட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல் உருளையில் பத்து மீட்டர் தங்கூஸை அடியில் சுற்றினாள், அதன்மேல் பின்னலைக் கட்டினாள். இயந்திரத்தை ஓடவிட்டாள். இடது கையைத் தூக்கினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. பின்னல் நூல் பண்ணின..."

கை அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?" என்றாள் அந்தப் பெண்.

ஐலிஃபுக்கு விரல் காட்டவில்லை. தாளில் இருபத்திமூன்று கேள்வி இருந்தது, இருபத்திமூன்றுக்கும் பதில் சொன்னாள், கை என்று ஒரு கேள்வி தாளில் இல்லை. அவளும் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் கசாப்புக்காரனுக்குச் சொன்னாள், கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சொன்னாள், ஒரு முறை ஒற்றைக் கை மனிதருக்குக்கூட அந்த ஒரு கைக்காகச் சொன்னாள். பத்து விரலால் பிழைக்கிற மனிதன் ஒருவன் வந்தான், அவனுக்குப் பாட்டுப் பாடி அனுப்பிவிட்டாள்.

கருப்புப் பாறை முனையில் அடியெல்லாம் கடற்பாசி, இடுக்கு இடுக்காகப் பாறை. பழக்கமில்லாதவன் பத்து முறை வீசினால் நாலு முறை மாட்டும். மாட்டினால் மனிதன் என்ன செய்வான்? கையில் சுற்றித்தான் இழுப்பான். உலகத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், அவளும் அதைத்தான் செய்தாள்.

தொலைபேசியில் அழைத்தாள். அணைத்து வைத்திருந்தார். மறுபடி அழைத்தாள். ஓய்வு எடுக்கப் போன மனிதர் ஒழுங்காக ஓய்வு எடுத்துத் தொலைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஸ்டைனார்! இந்தம்மாவுக்கு நீ முடிச்சுக் கொடு. நான் போறேன்."

"எங்க போற? சனிக்கிழமை கடை மூணு மணிக்குத்தான்..."

"ஐலிஃபுக்கு விரல் காட்டல!"

ஸ்டைனார் கிண்டல் செய்ய வாயைத் திறந்தான். பிறகு நாளைக்கு என்ன நாள் என்பது அவனுக்கும் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு கார் சாவியை எடுத்து அவளிடம் வீசினான். அவளிடம் சொந்தக் கார் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் அது இருவருக்குமே நினைவில்லை.

முனைக்குக் காரில் போக விரிகுடாவைச் சுற்ற வேண்டும், பதினைந்து நிமிடம். கரையோர ஒற்றையடிப் பாதையில் நடந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். அவள் காரில் போனாள். வழியில் பேராயரை வரவேற்க நட்ட கொடிக்கம்பங்களைப் பார்த்தபோது அழுகை வந்தது. ஆறு வருட வாஃபிளை நினைத்து அல்ல. தையல் பிரித்த அன்று மாலை அக்கார்டியனைத் தோளில் மாட்டிப் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது. அடித்தாளம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையாக இருந்தது. அந்த ஓட்டையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொருவர் அதைக் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது, அதுவும் தன்னால் ஆகிவிடக் கூடாது. கடவுளிடம் கேட்டுக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று கேட்டாள். விரல் விரலாகப் பேர் சொல்லிக் கேட்டாள்.

முனையில் யாரும் இல்லை.

கோல் மட்டும் இருந்தது. இரண்டு பாறைக்கு நடுவே ஒழுங்காகச் செருகி நிறுத்தியிருந்தது. மஞ்சள் நூல் நேராகக் கடலுக்குள் இறங்கி, அலை ஏறும்போது இறுகி, இறங்கும்போது தளர்ந்துகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டிருக்கிறது, சந்தேகமே இல்லை. பக்கத்தில் தேநீர்க் குடுவை, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கடித்த ரொட்டி பாதி. அரை ரொட்டியை விட்டுவிட்டு ஒரு மனிதன் எதற்கு ஓடுவான்? ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவான். யோரூன் குனிந்து பாறையில் ரத்தம் தேடினாள். செந்நிறப் பாசியைத் தொட்டுத் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் குடுவைக்கு அடியில் இருந்த தாளைக் கவனித்தாள். அதே கேள்வித் தாளின் பின்பக்கம். அழகான, சாய்வான எழுத்து:

"தயவுசெய்து தொட வேண்டாம். இந்த ரீல் குறித்துப் புகார் உள்ளது. கடைக்காரரை அழைத்துவரச் சென்றிருக்கிறேன். – ஐ."

இரண்டு முறை படித்தாள். எழுத்து நடுங்கவில்லை. அப்படியானால் வலது கை தப்பித்தது. இடது கை? கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வலது கையால் எழுதியிருக்கலாமே? இந்த மனிதர் எழுதக்கூடியவர்தான், கழுத்து அறுந்தாலும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் விழுவார்.

கடைக்கு அழைத்தாள். ஸ்டைனார் எடுத்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"யோரூன், எங்க இருக்க? உன் ஆளு கரைப் பாதையில நடந்து இங்க வந்து நிக்கிறாரு. கையில ரசீது. ரொம்ப மரியாதையாப் பேசுறாரு. பயங்கரக் கோவத்துல இருக்காருன்னு நினைக்கிறேன்."

"விரல் எத்தனை?"

"என்னது?"

"அவருக்கு விரல் எத்தனை இருக்குன்னு எண்ணுடா!"

பிறகு ஸ்டைனாரின் குரல் தூரத்தில் கேட்டது. "மன்னிக்கணும், ரெண்டு கையையும் கொஞ்சம் நீட்டுறீங்களா? ... இல்ல, கடையில புது விதி... திருப்புங்க..." மறுபடி வாய்க்கு அருகில் வந்தான். "பத்து."

"ரத்தம்? கட்டு?"

"ஒண்ணும் இல்ல. பத்தும் முழுசா இருக்கு. ஆட்டிக் காட்டச் சொல்லட்டுமா?"

யோரூனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே, ஈரப் பாறையில், பொத்தென்று உட்கார்ந்தாள். பாவாடை நனைந்தது. நனையட்டும். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகவே முடித்தாள். பிறகு அவருடைய மிச்ச ரொட்டியை எடுத்துத் தின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

கால் மணி நேரத்தில் பெயிண்ட் வண்டியில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஐலிஃப் முன்னால் வந்தார். மரியாதையின் உச்சத்தில் இருந்தார்.

"வணக்கம் யோரூன். உங்களைக் குறை சொல்லணும்னு இல்ல. ஆனா இந்த ரீல் பழுது. முதல் ஒரு மணி நேரம் நல்லா இருந்துது. அப்புறம் மாட்டிக்கிச்சு. இழுத்தா நூல் வந்துட்டே இருக்கு. ரீல் தலையில இருக்கிற திருகாணியை முழுக்க இறுக்கிட்டேன், அப்பவும் வருது. கைப்பிடியைச் சுத்தினா வெறுமனே சுத்துது, நூல் உள்ள வரல."

யோரூன் ரீலைக் கையில் எடுத்தாள். சுற்றியிருந்த நூல் மொத்தத்தையும் கட்டைவிரலால் தள்ளினாள். வழவழப்பான உலோகத்தின் மேல் அது அப்படியே, மஞ்சள் வளையலாக, சுழன்றது. அடியில் தங்கூஸ் இல்லை. வெறும் உருளையில் பின்னல் பிடிக்காது, வழுக்கும். அதற்குத்தான் முதலில் பத்து மீட்டர் தங்கூஸ். நேற்று அதையும் மறந்திருக்கிறாள். விரலையும் மறந்து, தங்கூஸையும் மறந்து, சுரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரீல் பழுது இல்ல" என்றாள். "நான்தான் பழுது. அடியில சுத்த வேண்டியதைச் சுத்தல. புகார் நியாயம்."

ஸ்டைனார் தொண்டையைக் கனைத்தான். இருபத்தொன்பது வருடக் கனைப்புக்கு அது வட்டி.

"அதை விடுங்க. மாட்டிக்கிட்டதும் நீங்க என்ன பண்ணினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"கையில சுத்தி இழுத்து அறுத்துரலாம்னு நினைச்சேன்" என்றார் ஐலிஃப் சாதாரணமாக. "இடது கையில ரெண்டு சுத்து சுத்திட்டேன். காலை ஊனி இழுக்கப் போனேன். அப்புறம்தான் தோணுச்சு. அறுத்துட்டா ரீல் பழுதுன்னு எப்படிக் காட்டுறது? நூல் தளர்ந்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். நான் புதுசு, எனக்குத்தான் பிடிக்கத் தெரியலன்னு சொல்லிடுவீங்க. புகார்னா பொருளை அப்படியே வச்சுக் காட்டணும் இல்லையா? அதனால சுத்தினதை அவுத்துட்டு, உள்ளது உள்ளபடி வச்சுட்டு வந்தேன்."

யோரூன் அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்களின் அடியில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், குறுக்கே இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள். அழுத்தியதன் தடம். தோல் கிழியவில்லை. மாலைக்குள் மறைந்துவிடும். அவள் அந்தக் கையை விடவில்லை.

பிறகு தன் இடது கையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது உங்களுக்கு நேத்தே காட்டியிருக்கணும்" என்றாள். நூலையும் படகையும் காற்றையும் சொன்னாள். கடையில் யாருக்கும் சொல்லாத மீதியையும் சொன்னாள்.

ஐலிஃபின் முகம் வெளுத்துவிட்டது. தன் கையில் இருந்த கோட்டையும் அவள் விரலில் இருந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கார்டியன்" என்றார் கடைசியில். "நேத்து அந்த இயந்திரத்தோட சுரத்தைச் சரியாச் சொன்னது நீங்கதான். நான் அரை சுரம் தப்பு. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டே இருந்தேன், இந்தம்மா யாருன்னு."

"அந்த நினைப்புல கேள்வித்தாளை மறுபடி பாத்திருந்தா, கையைப் பத்தி ஒரு கேள்வியும் இல்லையேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள் யோரூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சந்தோஷம் தலைக்கேறினால் அவளுக்கு வாய் துடுக்கு வந்துவிடும்.

மாட்டிய நூலை எப்படி அறுப்பது என்று அங்கேயே காட்டினாள். பாறையில் கிடந்த கட்டையில் நாலு சுற்று, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து, திரும்பி நடக்க வேண்டும். டப் என்று நுனித் தங்கூஸ் அறுந்தது. பொய்மீன் கடலுக்குக் காணிக்கையாகப் போனது.

கடைக்குத் திரும்பியதும் ஸ்டைனார் நீலக் கோப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். தூண்டில் பகுதியைத் திறந்து, கோடு போட்ட படிவத்தை எடுத்து, பேனாவையும் மூடி கழற்றி நீட்டினான்.

"மெதுவா எழுது" என்றான். "அவசரமே இல்ல. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."

யோரூன் எழுதினாள். புகார் கொடுத்தவர்: ஐலிஃப். குறை: உருளையில் அடித் தங்கூஸ் சுற்றப்படவில்லை, நூல் வழுக்குகிறது. தவறு யாருடையது என்ற கட்டத்தில் தன் பேரைப் போட்டாள். விளைவு என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்சம் யோசித்து, "பத்து விரல்கள்" என்று எழுதினாள். ஸ்டைனார் அதைப் படித்துவிட்டுக் கோப்பை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நிற்கவும் இடமில்லை. தீவுகளிலிருந்து படகு படகாக வந்திருந்தார்கள். யோரூன் தேசிய உடுப்பில், வெள்ளிப் பொத்தான்கள் மின்ன, நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேராயர் பேசினார், நகரசபைத் தலைவர் பேசினார், குலுக்கல் குழுத் தலைவி பேசினாள். பிறகு ஆர்கன் ஒலித்தது.

ஆர்கன் பின்பக்க மாடத்தில் இருக்கிறது, வாசிப்பவரைப் பார்க்க முடியாது. அவளுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மட்டும் கேட்டாள். கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், அந்தக் கை நடந்துகொண்டிருந்தது. ஒரு படிகூடத் தவறவில்லை. எங்கேயும் ஓட்டை இல்லை. முப்பது வருடமாக இசை கேட்கும்போதெல்லாம் அந்த இடத்தில் அவளுக்குச் சுருக்கென்று ஒன்று தைக்கும். அன்று தைக்கவில்லை. அவளுடைய மாவில் செய்த பெரிய குழாய் முழங்கியபோது பெஞ்சு நடுங்கியது. பக்கத்தில் இருந்த கிழவர், "வாஃபிள் வாசனை வருதே" என்று காதில் சொன்னார்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து பின்பக்கம் திரும்பி, மாடத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஐலிஃப் கைப்பிடிச் சுவரின் ஓரத்துக்கு வந்தார். தலை குனிந்து வணங்கினார். பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினார். கண்டுபிடித்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை அகல விரித்துக் காட்டினார். அவர் கையசைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஊரே பதிலுக்கு ஆரவாரமாகக் கையசைத்தது.

யோரூன் கையசைக்கவில்லை. எண்ணினாள். பத்து. அது முடிந்ததும் அத்தனை கைகளுக்கும் மேலே எட்டும்படி, பெஞ்சின்மேல் ஒரு காலை வைத்து ஏறி, மடங்காத தன் விரலைத் தூக்கி அவருக்குக் காட்டினாள்.